பின் ஹவுசிங் ஊளையிடுகிறது: ஆயில் மாற்றி ஓட்டுவதா, பேரிங்கா, கிரவுன் செட்டா, பழைய ஹவுசிங்கா?

லோடு ஏற்றிய பிக்கப் 50 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று ஊளை கேட்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறது, மிதித்தால் திரும்ப வருகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருவர், "ஆயில் மாத்தி ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். அடுத்தவர், "நாலு பேரிங்கையும் மாத்திடலாம்ண்ணே" என்கிறார். இன்னொருவர் கிரவுன் பினியன் (பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமும் அதை ஓட்டும் சின்னதும்) போய்விட்டது என்கிறார். நாலாவது ஆள், சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஹவுசிங்கே (இந்தப் பல்சக்கரங்களை உள்ளே வைத்திருக்கும் பின் அச்சுக் கூடு) முழுசாகக் கிடைக்கும், கழற்றி மாட்டிவிடலாம் என்கிறார்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கடைசியாகப் பார்த்த வண்டிக்கு அதுதான் சரியாக இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்ய வேண்டிவரும். பேரிங் தேய்வது ஒரு நோய், பல் தேய்வது வேறு நோய். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. இரண்டையும் பிரித்தறிய வண்டியை ஓட்டும் காதும், ஹவுசிங்கைத் திறந்து பார்க்கும் கண்ணும் வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா போல முன்னால் இன்ஜின், பின் சக்கர இழுவை, நடுவில் கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட் என்று அமைந்த வண்டிகளுக்கு. வண்டி வாரண்டியில் இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். வெளிப் பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவிடாமல் நேரே கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

## முதலில், சத்தம் ஹவுசிங்கில்தானா?

ஹவுசிங் என்று நினைத்துத் திறந்த பிறகு டயர் என்று தெரிவது அடிக்கடி நடக்கும் கொடுமை. அதனால் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

ஒரே வேகம், வேறு வேறு கியர். இதுதான் தலையாய சோதனை. சமமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்தை 3-ஆம் கியரிலும் 4-லும் 5-லும் பிடித்துப் பாருங்கள். சத்தத்தின் சுதி கியருக்குக் கியர் மாறினால் அது இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் பக்கம். மூன்றிலும் சுதி ஒன்றாகவே இருந்தால் ஷாஃப்ட், ஹவுசிங், சக்கரம் என்ற பின்பக்கக் கூட்டத்தில் ஒன்று. 4-ஆம் கியர் நேரடியாகப் போகும் 5 கியர் பாக்ஸ்களில் இன்னொரு தடயமும் உண்டு. 4-இல் மட்டும் சத்தம் நன்றாகக் குறைந்தால் கியர்பாக்ஸின் கவுன்ட்டர் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் அந்தக் கியரில் அதன்மேல் பாரம் இல்லை.

எண்ணிப் பார்ப்பது இன்னும் துல்லியம். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 450 சுற்று. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. அப்போது பினியனும் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் சுமார் 1850 சுற்று சுற்றும். அதனால் சக்கர வேகத்தில் வரும் சத்தம் கனமான உறுமலாகவும், பினியன் வேகத்தில் வருவது அதைவிட உயர்ந்த சுதியிலும் கேட்கும். 'டக் டக்' என்று தட்டும் சத்தமென்றால் நடை வேகத்தில் வண்டியை உருட்டி, ஒரு ஆள் கூடவே நடந்து எண்ணட்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் சக்கரம், ஆக்சில், அல்லது கிரவுனில் உடைந்த ஒரு பல். ஒரு சுற்றுக்கு நாலு தட்டு என்றால் பினியன் அல்லது ஜாயின்ட் ஷாஃப்ட்.

| எப்போது, எப்படிக் கேட்கிறது | முதலில் சந்தேகப்பட வேண்டியது |
|---|---|
| நியூட்ரலில் நிற்கும்போது சத்தம், கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது | கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் அல்லது கவுன்ட்டர் ஷாஃப்ட் பேரிங் |
| கிளட்ச்சை மிதித்தால்தான் சத்தமே வருகிறது | ரிலீஸ் பேரிங் |
| மெதுவாக உருளும்போது குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்' | கிரீஸ் வற்றிய யு.ஜே. கிராஸ் (ஜாயின்ட் ஷாஃப்ட் முனையிலுள்ள குறுக்கு மூட்டு) |
| முன்கியரிலிருந்து ரிவர்ஸ் போட்டால் 'டங்' | யு.ஜே. கிராஸ், ஸ்டார் பினியன் (திரும்பும்போது இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் சின்னப் பல்சக்கரம்) வாஷர், ஸ்பிரிங் பிளேட்டைக் கட்டும் யு-போல்ட் தளர்வு |
| குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்வோடு உறுமல் | சென்டர் பேரிங் (ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது), ஷாஃப்ட் பேலன்ஸ் |
| ஸ்டியரிங்கை இடது வலது அசைத்தால் கூடிக் குறைகிறது | சக்கர பேரிங் |
| சாலை மாறினால் சத்தமும் மாறுகிறது | டயர் |
| திரும்பும்போது மட்டும் கரகரப்பு | ஸ்டார் பினியன், அதோடு பல் கோக்கும் சன் கியர் |
| இழுவையில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது) மட்டும், அல்லது காலெடுத்தால் மட்டும் ஊளை | கிரவுன், பினியன் பல், பினியன் பேரிங் |
| இழுத்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் | பினியன் பேரிங் அல்லது சைடு பேரிங் (கிரவுனை இரு பக்கமும் தாங்குவது) |

கடைசி இரண்டு வரிகளில் உங்கள் சத்தம் விழுந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள். மற்றவற்றில் ஸ்டார் பினியன், சன் கியர் வேலை தவிர எல்லாம் ஹவுசிங்கைத் திறக்காமலே தீரும். டயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஓரம் ஏறுமாறாகத் தேய்ந்த பின் டயர் போடும் ஊளை, கிரவுன் ஊளையைப் போலவே இருக்கும். பின் டயர்களை முன்னால் போட்டு 10 கி.மீ. ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் கதை அதோடு முடிந்தது.

வண்டியைத் தூக்கிக் கேட்பதானால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டை ஹவுசிங் குழாய்க்கு அடியில் கொடுங்கள். சேஸிஸைத் தூக்கி ஹவுசிங்கைத் தொங்கவிட்டால் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, இல்லாத சத்தமெல்லாம் வரும். நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோடு வைத்து, நுனியைப் பினியன் கழுத்திலும் இரண்டு சைடிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். பேரிங் சத்தம் இதில் பிடிபடும். பல் ஊளை பாரமில்லாமல் பெரும்பாலும் வராது. ஆகவே தூக்கிப் பார்த்தபோது ஒன்றும் கேட்கவில்லை என்பதற்காகக் கிரவுன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்கள். முதல் இரண்டுக்கு விடை தெரியாமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை.

பினியன் ஆட்டம். ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் பினியன் பிளாஞ்சை, அதாவது ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தட்டை, பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் தளர்வு இயல்பு, அது பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான இடைவெளி). மேலும் கீழும் கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் அது கொஞ்சமாக இருந்தாலும் தவறுதான். பினியன் பேரிங் போயிருக்கிறது அல்லது நட் தளர்ந்திருக்கிறது.

ஆயிலில் என்ன வருகிறது. வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் குத்துகிற, வெயிலில் மின்னுகிற சிம்புகள் வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வண்டி நிற்கும் நாட்கள். இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாள் வாடகை 2500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள் நின்றால் 7500. ஒரே வேலையை இரண்டு முறை செய்தால் 15000. மலிவு என்று நினைத்த வழி இங்கேதான் விலை ஏறுகிறது.

பட்டறையின் கருவி. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ், பேரிங் இறுக்கத்தை அளக்கும் தராசோ டார்க் ரெஞ்சோ இல்லாத இடத்தில் பினியனைக் கழற்றவிடாதீர்கள். கை அனுபவம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் 0.05 மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கையும் அளக்காது.

வண்டியின் மீதி ஓட்டம். இன்னும் மூன்று வருடம் டியூ கட்ட வேண்டிய வண்டியும், அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் விற்கப்போகிற வண்டியும் ஒன்றல்ல.

இவற்றோடு ஹவுசிங்கின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் போல்ட் போட்ட தகர மூடி இருந்தால் கிரவுனை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் செட் செய்ய வேண்டும், அல்லது ஹவுசிங்கையே இறக்க வேண்டும். முன்பக்கம் ஷாஃப்ட் வரும் இடத்தைச் சுற்றி வட்டமாகப் போல்ட் இருந்தால் கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கூண்டாக வெளியே வந்துவிடும். மேசைமேல் வைத்து வேலை செய்யலாம். உள்ளூரில் நல்ல ஆள் இல்லாவிட்டால் கூண்டை மட்டும் பார்சலில் அனுப்பிச் செட் செய்து வாங்கலாம். இரண்டாம் வகைக்குக் கூலியும் தவறு நேரும் வாய்ப்பும் குறைவு.

## வழி 1: ஆயில் மாற்றி ஓட்டுவது

எப்போது சரி: பிளாஞ்சில் ஆட்டம் இல்லை, காந்தத்தில் சிம்பு இல்லை, சத்தம் சமீபத்தில் தொடங்கி லேசாக இருக்கிறது, அளவு குறைந்தோ தவறான ஆயில் ஊற்றியோ இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் தயங்காமல் முதலில் இதைச் செய்யுங்கள்.

10 கி.மீ. ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் மேல் பிளக்கைத் திறந்து பாருங்கள், அப்புறம்தான் அடிப் பிளக். மேல் பிளக் துருப்பிடித்து வராமல்போய், அடியில் ஆயிலும் வடிந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வெளிர் நிறத் தட்டில் பிடியுங்கள், சிம்பு இருந்தால் கண்ணில் படும். ஹைபாய்டு (பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி நிற்கும் வகை) கிரவுனுக்கு ஜி.எல்-5 தரம் கட்டாயம். தடிமன் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140, எது என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, மேல் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள்.

ஒரே டின்னை வாங்கிக் கியர்பாக்ஸிலும் ஹவுசிங்கிலும் ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 கேட்கும் வண்டியில் ஜி.எல்-5 ஊற்றினால் கியர் மாற்ற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெடக்கூடும். ஹவுசிங்கில் ஜி.எல்-4 ஊற்றினால் பற்களுக்கு இடையிலான உராய்வை அது தாங்காது.

ஹவுசிங் குழாயின் மேலிருக்கும் பிரீதர் மூடியையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சேறு அடைத்தால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். அப்படிப் பிதுங்கிய சீல் வழியாக, சூடான ஹவுசிங் வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டிகளில் பால் கலரில் ஆயில் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

மறைந்திருக்கும் செலவு: சத்தத்தை அடக்குவதற்காகத் தடித்த ஆயில் ஊற்றுவதும், கிரீஸை அள்ளி அடைப்பதும். சத்தம் உண்மையில் குறையும், நோய் வளரும். கிரவுன் சுற்றும்போது அள்ளி வீசும் ஆயில்தான் பினியனின் முன் பேரிங்குக்குப் போய்ச்சேரும் ஒரே உணவு. கிரீஸ் அந்த வழியை அடைத்துவிடும். பட்டினி கிடந்த பேரிங் ஓட்டத்தில் இறுகினால் பின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். லோடோடு மலை இறங்கும் வண்டியில் அது எப்படி முடியும் என்று நினைத்துப் பாருங்கள். கிரீஸ் அடைத்துத் தரும் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள்.

1000 கி.மீ. ஓட்டிய பிறகு பிளக்கைத் திறந்து காந்தத்தை மீண்டும் பாருங்கள். புதுச் சிம்பு வந்திருந்தால் இந்த வழிக்குரிய காலம் முடிந்துவிட்டது.

## வழி 2: பேரிங், சீல் மட்டும் மாற்றுவது

எப்போது சரி: இழுத்தாலும் விட்டாலும் ஒரே உறுமல், அல்லது பிளாஞ்சில் ஆட்டம். ஆனால் கிரவுன் பற்கள் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, குழியோ கீறலோ இல்லாமல் இருக்க வேண்டும். காலெடுத்தால் மட்டும் ஊளையிட்டுப் பினியன் ஆட்டமும் இருந்தால் இதுவே பொருத்தம். சிக்கலை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள்.

சாமான் பட்டியல்: பினியன் பேரிங் 2, சைடு பேரிங் 2, பினியன் ஆயில் சீல், புது பினியன் நட், நசுங்கும் ஸ்பேசர் (இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவிலிருக்கும் குழல்) உள்ள வகையானால் புது ஸ்பேசர், ஆக்சில் சீல் 2, மூடிக்கு கேஸ்கட் அல்லது சீலன்ட், ஆயில். சத்தம் போடும் ஒரு பேரிங்கை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அதிலிருந்து உதிர்ந்த சிம்பு ஆயிலோடு சுற்றி மற்ற மூன்றையும் கடித்திருக்கும்.

இந்த வேலையின் உயிர், பிரிப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் இருக்கிறது. பழைய பேக்லாஷ் எவ்வளவு என்று டயல் கேஜில் பார்த்து எழுத வேண்டும். பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, பதிவைப் போனில் படமெடுக்க வேண்டும். சைடு பேரிங் மூடிகளுக்கு இடது, வலது என்று பஞ்ச் அடிக்க வேண்டும், ஏனென்றால் அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை, மாற்றிப் போட்டால் உட்காராது. ஓடித் தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிய பற்களைப் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார வைக்க வேண்டும். 'புது அளவு' வைத்துவிட்டால் இதுவரை பாடாத கிரவுனும் பாடத் தொடங்கும். பேரிங் மாற்றிய பிறகு சத்தம் கூடிவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதனால்தான்.

அடுத்தது இறுக்கம். பினியன் நட்டை முறுக்க முறுக்க ஸ்பேசர் நசுங்கி இறுக்கம் ஏறும். சுற்ற வேண்டிய விசை புது பேரிங்குக்குப் பெரும்பாலான இலகு வண்டிகளில் 1.5 முதல் 3 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் பிளாஞ்சில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுக்கலாம். ஆரம் 5 செ.மீ. என்றால் 2 நியூட்டன் மீட்டருக்குத் தராசு சுமார் 4 கிலோ காட்டும். கிரவுனை மாட்டுவதற்கு முன்பு அளக்க வேண்டும், சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் எடைதான் கணக்கு. அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது. நசுங்கிய ஸ்பேசர் திரும்ப விரியாது, புதுசு போட வேண்டும்.

இதே காரணத்தால்தான் வெறும் பினியன் சீல் மாற்றியதும் ஊளை தொடங்கும் வண்டிகள் இருக்கின்றன. நட்டைக் கழற்றும்முன் அதன் இடத்தைக் குறித்து வைக்காமல், திரும்ப ஏர் கன்னால் 'கிர்ர்' என்று இறுக்கிவிடுவார்கள். உங்கள் சத்தம் சீல் மாற்றிய அடுத்த நாள் வந்ததென்றால் அதை மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: பல் தேய்ந்த வண்டியில் இதைச் செய்தால் கூலி, ஆயில், சீல் எல்லாம் வீண். கிரவுன் செட் போடும்போது மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

## வழி 3: புது கிரவுன் பினியன் செட்

எப்போது சரி: இழுவையில் ஊளை, பற்களில் குழி, ஓரம் உடைசல், நீளவாக்கில் கீறல். ஆயில் இல்லாமல் ஓடி நீலம் பூத்த பற்களுக்கும் இது ஒன்றே வழி.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓட்டி அரைத்துச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். கடையில் பெட்டியைப் பிரித்து எண்ணைப் பாருங்கள், பற்களை எண்ணுங்கள். பினியன் மட்டும் மாற்றுவது என்ற வேலையே கிடையாது. பழைய செட் 41/10 என்றால் புதுசும் அதே. விகிதம் மாறினால் ஏற்றத்தில் இழுவை மாறும், டாப் கியரில் இன்ஜின் வேகம் மாறும், கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும்.

பேரிங்குகள் நாலும் புதுசாகவே போடுங்கள். திறந்திருக்கும்போதே ஸ்டார் பினியன் வாஷர்களையும் பாருங்கள்; காகிதம் மாதிரி மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.

பணம் முழுவதும் சாமானில் போகிறது என்று தோன்றும். உண்மையில் பலன் முழுவதும் செட்டிங்கில் இருக்கிறது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) தீர்மானிக்கும், பேரிங் இறுக்கம் மேலே சொன்னபடி. பேக்லாஷ் பல வண்டிகளில் 0.13 முதல் 0.20 மி.மீ. வரை. கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து, இடத்துக்கு இடம் வித்தியாசம் 0.05 மி.மீ.க்கு மேல் போனால் கிரவுன் நேராக உட்காரவில்லை என்று பொருள். உட்காரும் முகத்தில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் இப்படி ஆகும்.

பிறகு பல் பதிவு. எட்டுப் பற்களில் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, கிரவுனைக் கட்டையால் லேசாகத் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள். பேஸ்ட் விலகி, பல்லின்மேல் முட்டை வடிவில் ஒரு தடம் பளிச்சென்று தெரியும். அந்தத் தடம் பல்லின் அடிக்கும் உச்சிக்கும் நடுவே இருக்க வேண்டும். நீளவாக்கில் நடுவிலிருந்து சற்றே உள்முனைப் பக்கம் இருக்கலாம், லோடு ஏறும்போது அது வெளிமுனை நோக்கி நகர்ந்துகொள்ளும். தடம் அடியில் விழுந்தால் பினியன் கிரவுனை மிகவும் நெருங்கி நிற்கிறது. உச்சியில் விழுந்தால் விலகி நிற்கிறது. ஷிம் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் வகையில், நெருங்கியதை விலக்க மெல்லிய ஷிம், விலகியதை நெருக்கத் தடித்த ஷிம். ஒவ்வொரு முறையும் பேரிங்கை இழுத்து, ஷிம் மாற்றி, திரும்ப அழுத்த வேண்டும். மூன்று நாலு முறை ஆவது சகஜம். இதற்குத்தான் இரண்டு மூன்று நாள் கேட்கிறார்கள். காலையில் விட்டு மதியம் எடுத்துக்கலாம் என்று சொல்கிற இடத்தில் பதிவு பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

மறைந்திருக்கும் செலவு: பழகும் காலம். முதல் 20 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி முழுக்க ஆறவிட வேண்டும். முதல் 800 கி.மீ. வரை முழு லோடும் நீண்ட ஏற்றமும் கூடாது, அதன் பிறகு ஆயில் ஒருமுறை மாற்ற வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு லோடோடு ஏறும் வண்டி என்றால் அந்த 800 கி.மீ.க்குச் சமதள ஓட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பற்கள் முதல் சூட்டிலேயே வெந்துவிட்டால் செட் போட்ட பணம் போனதுதான்.

## வழி 4: பழைய ஹவுசிங் மாற்றுவது

எப்போது சரி: குழாய் வளைந்திருக்கிறது, விபத்தில் அடிபட்டிருக்கிறது, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து வெளி வளையம் சுற்றுகிறது. இவற்றில் எந்தப் புதுச் சாமானும் நிற்காது. செட்டிங் தெரிந்த ஆள் எட்டும் தூரத்தில் இல்லாதபோதும், வண்டியை ஓரிரு வருடத்தில் கழிக்கப்போகிறபோதும் இது நியாயமான தேர்வு.

சென்னை புதுப்பேட்டையோ, கோவை உக்கடமோ, உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையோ, எங்கே வாங்கினாலும் கடையிலேயே செய்ய வேண்டியவை உண்டு. மூடியைத் திறந்து பற்களைப் பாருங்கள். திறக்கக் கூடாது என்றால் வாங்காதீர்கள். பிளாஞ்சை அசையுங்கள். ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் வைத்துவிடுங்கள். விகிதம் தெரிய ஒரு பக்க சக்கர ஹப்பைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை 2 சுற்று சுற்றுங்கள். பிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஸ்பிரிங் பிளேட் உட்காரும் இடங்களின் இடைவெளி, டிரம் அளவு, பிளாஞ்ச் துளைகள், ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் இடம், வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தால் சென்சார் இடம் எல்லாம் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் விற்ற வண்டியிலேயே லோடு அளவுக்கேற்ப ஹவுசிங் மாறியிருக்கும். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம், திருட்டு வண்டிச் சாமானாக இருந்தால் வம்பு உங்களுக்கு.

மறைந்திருக்கும் செலவு: ஹவுசிங் விலையோடு முடியாது. இரண்டு ஆக்சில் சீல், பினியன் சீல், ஆயில், புது யு-போல்ட் நட்டுகள், பெரும்பாலும் பிரேக் ஷூ, பிரேக் பிளீடிங் எல்லாம் சேரும். பழைய ஹவுசிங் எத்தனை கி.மீ. ஓடியது, அதன் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல யாருமில்லை. அதற்கும் ஒரு ஊளை இருந்தால் அது கடையில் கேட்காது, லோடு ஏற்றிய பிறகுதான் கேட்கும். கழற்றி மாட்டும் கூலியைத் திருப்பித் தரும் கடை கிடையாது.

## நாலையும் பக்கத்தில் வைத்தால்

| | ஆயில் | பேரிங் | கிரவுன் செட் | பழைய ஹவுசிங் |
|---|---|---|---|---|
| எந்த நோய்க்கு | அளவு, தரம், தண்ணீர் | பேரிங் தேய்வு, ஆட்டம் | பல் தேய்வு, உடைசல் | குழாய், இருக்கைத் தேய்வு |
| நிற்கும் காலம் | அரை நாள் | 1–2 நாள் | 2–3 நாள், பிறகு 800 கி.மீ. அடக்கம் | மாட்ட 1 நாள், தேட தனி |
| தேவையான திறமை | யாரும் செய்யலாம் | டயல் கேஜ், இறுக்க அளவு | அதோடு பல் பதிவு படிக்கத் தெரிந்த கண் | வாங்குபவரின் கண் |
| தவறினால் | நோய் மறைந்து வளரும் | ஊளை அப்படியே, அல்லது கூடும் | புதுச் செட்டே கெடும் | இன்னொரு ஊளை |
| பொருந்தும் வண்டி | சத்தம் புதிது | பல் நல்ல நிலை | நீண்ட ஓட்டம் மீதமுள்ளது | கழிக்கப்போவது, அடிபட்டது |

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தினம் காய்கறி ஏற்றும் வண்டி, டியூ பாக்கி இருக்கிறது, பற்களில் குழி விழுந்துவிட்டது என்றால் கிரவுன் செட்டுக்கு மேல் யோசிக்க வேண்டாம். பாதி வழியில் நின்றால் வண்டியோடு லோடும் அழுகும். அதே வண்டியில் பற்கள் நன்றாக இருந்து பினியன் மட்டும் ஆடினால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாமல் பேரிங் வேலையை இப்போதே முடியுங்கள். ஆடுகிற பினியன் நல்ல பற்களைத் தின்றுவிடும், பிறகு வழி 3-க்குத்தான் போக வேண்டியிருக்கும். கட்டடச் சாமானோடு உள்ளூரில் 10 கி.மீ.க்குள் சுற்றும் பழைய வண்டி, லேசான ஊளை, சிம்பு இல்லை என்றால் ஆயில் மாற்றி, காந்தத்தை மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம். அதற்குக் கிரவுன் செட் போடுவது தேவையில்லாத செலவு.

## வண்டியை எடுக்கும்போது

பேரிங்கோ கிரவுன் செட்டோ போட்ட வண்டி என்றால், மூடி போடுவதற்கு முன்பே எடுத்த பல் பதிவின் படத்தையும் பேக்லாஷ் அளவையும் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பே இதைச் சொல்லி வைத்துவிட்டால் யாரும் தட்ட மாட்டார்கள். கழற்றிய சாமானைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் முன்பு எந்த வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில், இழுத்தும் காலெடுத்தும் ஓட்டிப் பாருங்கள். 15 கி.மீ. ஓடியதும் நிறுத்திப் பினியன் கழுத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இருக்கும், அது இயல்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று ஆவியாகும் அளவுக்குக் கொதித்தால் பேரிங் இறுக்கம் அதிகம். அப்படியே லோடு ஏற்றப் போகாமல் பட்டறைக்குத் திருப்புங்கள்.